கால்சியம் டப்பா

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு மேடம் இருக்கிறார். அவர் கேள்வி கேட்பார். வெகு காலம் அவர்மேல் எனக்கிருந்த குறை அது ஒன்றுதான்.

மற்ற கடைகளில் மாத்திரையின் பெயரைச் சொன்னால் போதும், கத்தரியால் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இவர் அப்படி விடமாட்டார். யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை போடுகிறார்கள், வயிற்றில் புண் உண்டா என்று ஆரம்பித்துவிடுவார். கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் பேசுவது கன்னடம். தமிழில் கேட்டுப் பதில் வரவில்லை என்றால் தெலுங்கில் கேட்பார். அதற்கும் வரவில்லை என்றால் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்களிடம் கேட்பதுபோலக் கையை ஆட்டி ஆட்டி அரைகுறை இந்தியில் கேட்பார். தப்பிக்க வழியே கிடையாது. கடையும் அவரைப் போலத்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வெப்பமானி தொங்கும். காலாவதியான மருந்துகளுக்கென்று மூலையில் தனியாக ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். தூசி என்று எழுத ஒரு இடம் கிடைக்காது.

இதையெல்லாம் பார்த்து மெச்சியிருக்க வேண்டியவள் நான். ஏனென்றால் என் வேலையும் அதுதான். சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கடைசிச் சோதனையில் நிற்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் சாமானும் பெட்டிமேல் ஒட்டிய லேபிளும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரு பெட்டியில் லேபிள் மாறிப் போனாலும் அந்த லாட் முழுவதையும் நிறுத்திவிடுவேன். இதனால் லைனில் எனக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. ‘அந்தம்மா டியூட்டியா, போச்சு’ என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

எனக்கு வலிப்பு உண்டு. இதை இப்போது ஒரு வரியில் எழுதிவிட்டேன். இந்த வரியைச் சொல்வதற்கு எனக்குப் பாதி ஆயுள் பிடித்தது.

பர்கூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் ராகி, அந்தப் பக்கம் கல் குவாரி. பத்தாம் வகுப்பில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது முதல் தடவை வந்தது. கண் விழித்தபோது பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து முழுவதும் என் கையில் இருந்தது. பாவாடை நனைந்திருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் முகம் இன்னும் எனக்குத் தெரியும். அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். அதன்பிறகு ஒன்றிரண்டு தடவை வந்து, பிறகு அடங்கிவிட்டது. மாத்திரையை விடாமல் போட்டால் நானும் எல்லோரையும் போலத்தான்.

கல்யாணம் பேசும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “மாத்திர போட்டுக்கினே இரு. ஒண்ணும் தெரியாது. யார்கிட்டயும் வாய தொறக்காத. பொறவு எல்லாம் சரியாப் போயிரும்.”

எதற்குப் பிறகு, எது சரியாகப் போகும் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கணவர் வீட்டார் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூருக்கு வந்தவர்கள். அண்ணன் தம்பி இருவரும் கம்பெனி வேலை. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட என்று மாமியார் கூடவே வந்துவிட்டார். மாடியில் வாடகை வீடு, கீழே வீட்டுக்கார அம்மா. முதலில் நான் மருமகளாக வந்தேன். பிறகு கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி என் ஓர்ப்படி வந்தாள். ஆறு மாதம்கூடப் பழகியிருக்கமாட்டோம், அதற்குள் கூடப் பிறந்தவள்போல ஆகிவிட்டாள். என் ஷிஃப்ட்டுக்குத் தகுந்தபடி சாப்பாடு எடுத்து மூடி வைப்பாள். அக்கா, அக்கா என்று வாய் ஓயாது.

நான் வந்த புதிதில், அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும், தெருமுனைக் கடைக்குத்தான் போனேன். டாக்டர் சீட்டு பர்கூரில் இருந்தது. காலி அட்டையை மட்டும் கைக்குள் மடித்து எடுத்துப் போய் நீட்டினேன். மேடம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஃபிட்ஸ் மாத்திரை சீட்டு இல்லாம தர்றதில்லம்மா. இது யாருக்கு? உனக்கா? கல்யாணம் ஆன பொண்ணுங்க இத போடறதுன்னா முதல்ல டாக்டர்கிட்ட…”

பக்கத்தில் தைலம் வாங்க நின்ற எங்கள் வீட்டுக்கார அம்மா தலையைத் திருப்பினார். மேடம் சாதாரணமாகத்தான் பேசினார். எனக்குத்தான் மைக் வைத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

“எங்க தம்பிக்கு” என்றேன். அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தேன். எனக்குத் தம்பியே கிடையாது. மேடம் ஆரம்பித்த வாக்கியத்தின் மறுபாதி என்ன என்று அன்று நின்று கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அதற்குப் பிறகு அத்திப்பள்ளிதான். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம். ஜூஜூவாடி தாண்டிச் சோதனைச்சாவடியைக் கடந்தால் கர்நாடகம். கடைப் பலகையில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும், நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். வெட்கப்படுகிறவர்களுக்கு மாநில எல்லை ரொம்ப வசதி. ஒருமுறை எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் அதே கடையில் எதையோ பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டோம். அங்கே இருப்பவர்கள் ஓசூருக்கு வந்து இப்படித்தான் வாங்கிப் போவார்களாக இருக்கும்.

அந்தக் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கமாட்டார். “ஏனு பேக்கு?”, அதாவது என்ன வேண்டும், என்பதோடு சரி. சீட்டு வேண்டாம். எந்தக் கம்பெனி மாத்திரை கையில் அகப்படுகிறதோ அதைக் கொடுப்பார். ஒரு மாதம் இளஞ்சிவப்பாக இருக்கும், அடுத்த மாதம் வெள்ளையாக இருக்கும், ஒரு தடவை உருண்டையாக, ஒரு தடவை நீளமாக. ஒன்றுதானா என்று கேட்டால் “எல்லாம் சேம்” என்பார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்திருந்தது. நல்ல மரியாதையான மனிதர் என்று நினைத்தேன். அவருக்கு என்னைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை என்பதைத்தான் நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியில் துப்பட்டாவை விரித்து, மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுப்பேன். ஜூஜூவாடி வருவதற்குள் காலி அட்டைகள் ஜன்னல் வழியாகப் போய்விடும். மருந்தின் பெயர், அளவு, கடைசித் தேதி எல்லாம் சாலையோரத்தில் கிடக்கும். என் மடியில் பெயரில்லாத மாத்திரைகள் மட்டும் மிஞ்சும்.

அவற்றைப் போட்டு வைக்கத்தான் கால்சியம் டப்பா. மாமியார் முட்டிவலிக்கு வாங்கித் தீர்த்த டப்பா அது. வெள்ளை பிளாஸ்டிக், பச்சை மூடி, மேலே எலும்பு படம். நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் எனக்கும் கால்வலி, கம்பெனி டாக்டர் கால்சியம் போடச் சொன்னார் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ஒளித்து வைத்தால் தேடுவார்கள், கண்ணெதிரே வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். நல்ல புத்திசாலித்தனம் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். பகலெல்லாம் லேபிள் சரியா என்று பார்க்கிறவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இந்த வேலையைச் செய்தேன். ஒரு நாளாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் மாத்திரை என்பது புளி, மிளகாய் மாதிரி பொதுச்சொத்து. ஒருவருக்குத் தலைவலி என்றால் மற்றவர் பையில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். கொழுந்தனாருக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையில் மீதியை மாமியார் இடுப்புவலிக்குப் போடுவார். யாருக்கும் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால்தான் வித்தியாசமாக இருக்கும்.

ஓர்ப்படி உண்டானாள். வீட்டில் முதல் பேரக்குழந்தை. மாமியார் தெருவையே இனிப்பாக்கிவிட்டார். எனக்கு உள்ளே ஒரு மூலையில் வலித்தது. நானும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவள் மேல் பொறாமைப்பட முடியாது, அவள் அப்படிப்பட்ட பெண். மசக்கை எல்லாம் ஓய்ந்து, நாலாம் மாதம் டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் எழுதிக் கொடுத்தார். நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு திடீரென்று சோர்ந்து போனாள். பகலில் தூக்கம், எழுந்தால் தலை சுற்றல், சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. போன மசக்கை திரும்பி வந்துவிட்டது என்று மாமியார் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அதே நாட்களில் என் டப்பாவில் மாத்திரை குறைவதுபோலத் தெரிந்தது. ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் மறந்துபோய் இரண்டு தடவை போட்டுவிடுகிறேன்போல என்று நினைத்து, ஒன்றிரண்டு வேளை போடாமல் விட்டுச் சரிக்கட்டினேன். கேட்டிருக்க வேண்டும். ‘என் மாத்திரையை யாராவது எடுத்தீர்களா’ என்று ஒரு வார்த்தை. ஆனால் அதைக் கேட்டால் கால்சியத்துக்கு இவ்வளவு கணக்கா என்று திருப்பிக் கேட்பார்களே.

ஒரு நாள் காலையில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஓர்ப்படி வந்து அலமாரியிலிருந்து பச்சை மூடி டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் தட்டிக் குலுக்கினாள்.

“உங்க கால்சியம் ஒட்டிக்கிருதுக்கா. தட்டுனாத்தான் வருது” என்றாள்.

நான் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. அவள் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“என்னுது தீந்துபோச்சுல்ல. அத்தைதான், அக்கா டப்பால இருக்கே, எடுத்துப் போடுத்தா, எல்லாம் ஒரே வெள்ளை மாத்திரதானன்னு சொன்னாக. ஏன்க்கா, எடுக்கக் கூடாதா?”

அந்த மாதம் அத்திப்பள்ளிக்காரர் கொடுத்தது வெள்ளையாக, நீளமாக இருந்தது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான் இருக்கும். நான் டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். தேதி முடிந்த மாத்திரை, போடாதே என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அக்கா ஒரு மாத்திரைக்கு இப்படிச் செய்கிறாளே என்று நினைத்திருப்பாள்.

அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அத்திப்பள்ளிக்கு பஸ் ஏறினேன். அவரைத் தவிர வேறு யாரைக் கேட்பது? இத்தனை நாள் மாத்திரை கொடுத்தவர் அவர்தானே. கடையில் கூட்டம் குறையும்வரை நின்று, இந்த மாத்திரையை மாசமாக இருக்கிற பெண் சாப்பிட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

அவர் டப்பாவை வாங்கி, எலும்பு படத்தைப் பார்த்தார். “இது கால்சியம் தானே, ஒள்ளேதே, நல்லதுதான்” என்றார்.

உள்ளே இருப்பது நீங்கள் கொடுத்தது, வலிப்பு மாத்திரை என்றேன். அவர் முகம் மாறியது. டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“நம்ம கடை மாத்திரைன்னு எப்டி சொல்றீங்க? அட்டை இருக்கா? எங்க அட்டை? நீங்க யாரு, நான் பாத்ததே இல்லியே.”

மாதாமாதம் போய் நின்ற என்னை அவருக்குத் தெரியவில்லை. பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். தெரியாதவளாக இருக்க வேண்டும் என்றுதானே அங்கே போனேன். அதற்காக அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அட்டை ஜூஜூவாடி ரோட்டோரத்தில் எங்கோ மண்ணுக்குள் கிடந்தது.

திரும்பி வந்து தெருமுனைக் கடைக்குப் போனேன். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். மேடம் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே அலமாரிக்குப் பின்னால் இருந்த ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். முன்பு அங்கே ஸ்டூல் கிடையாது.

அங்கேயும் நான் பொய்யோடுதான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க என்றேன். அவர் குறுக்கே பேசவில்லை. எத்தனை நாள் சாப்பிட்டார்கள், ஒரு வேளையா இரண்டு வேளையா, எத்தனையாவது மாதம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே வந்தார். டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ஈரம் வாங்கியிருக்குது. இந்த மாத்திரைய அட்டையிலிருந்து எடுத்தே வைக்கக் கூடாது. அட்டை எங்கம்மா?”

“இல்லைங்க.”

“பேரு தெரியுமா? எவ்வளவு பவரு?”

பெயரைச் சொன்னேன். டாக்டர் எழுதிய அளவையும் சொன்னேன். அத்திப்பள்ளியில் அதே அளவுதான் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. மேடம் டப்பாவை மூடினார்.

“வயித்துப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரை இது. முதுகெலும்பு, மூளை இதெல்லாம் பாதிக்கலாம். பாதிச்சிருக்குதுன்னு நான் சொல்லல, ஆரம்ப மாசம் தாண்டினதால பயம் கம்மிதான். ஆனா டாக்டர் பாக்கணும். இன்னைக்கே கூட்டிட்டு போங்க. என்ன மாத்திரை, எத்தன நாள்னு ஒண்ணு விடாம சொல்லணும். மறைச்சா அவங்களால எதுவும் பண்ண முடியாது.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “உங்களுக்கும்மா? நீங்க குழந்தைக்குப் பாக்கறீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகைதான் வந்தது. தெரிஞ்சவங்க, தம்பி எல்லாம் அத்தோடு காணாமல் போனார்கள்.

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்கள அப்டி கேட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு” என்றார் மேடம். “நீங்க ஓடின பின்னாடிதான் இந்த ஸ்டூல போட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பல வருஷமாக அந்தக் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் நான். அவருக்கு என்னை ஞாபகம் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த பிறகும் இன்னொரு பொய்யைத்தான் முயன்றேன். அந்தக் கால்சியம் தேதி முடிந்தது, மாசமாக இருப்பவளுக்கு ஆகாது, இப்போதே டாக்டரிடம் போவோம் என்றேன். இந்தப் பொய்யாலேயே காரியம் நடந்துவிட்டால் நான் தப்பித்துவிடலாம். பிள்ளையையும் காப்பாற்றலாம், என் மானத்தையும் காப்பாற்றலாம்.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “தேதி முடிஞ்சா என்னத்தா? சத்து கொஞ்சம் கொறஞ்சுருக்கும். அதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கா? நாள மறுநாள் செக்கப்பு இருக்குல்ல, அப்பப் பாத்துக்கிடுவோம்.”

“அக்கா சும்மா பயப்படுறாங்கத்தை” என்று ஓர்ப்படி சிரித்தாள். காலையில் நான் டப்பாவைப் பிடுங்கியது பயத்தால்தான் என்று அவளுக்கு இப்போது சமாதானமாகிவிட்டது. என்மேல் கோபம் போய்விட்ட சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. சுவரில் சாய்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில் சிரித்தாள். அந்தத் தூக்கம் என் மாத்திரை.

“அது கால்சியம் இல்ல” என்றேன்.

மாமியார் கையில் கீரையோடு நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கு வலிப்பு இருக்குதுங்கத்தை. சின்ன வயசுல இருந்தே இருக்குது. அது அந்த மாத்திரை. வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம்.”

ஓர்ப்படி சிரித்தது அப்படியே நின்றது. வயிற்றின் மேல் இருந்த கையை இன்னும் கொஞ்சம் விரித்து மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்து மூடிக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் மூக்கைப் பொத்தியவளின் முகத்துக்குப் பயந்து இத்தனை காலம் ஓடினேன். அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அப்போது தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய மாத்திரை என்று அவர் கேட்டபோது மாமியாரும் ஓர்ப்படியும் நிலத்தைப் பார்த்தார்கள். என்னுடையது என்றேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில்தான் முதுகெலும்பு, இதயம் எல்லாம் தெளிவாகத் தெரியும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்றார். திரும்பும்போது ஆட்டோவில் மாமியார் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஸ்கேன் வரைக்கும் வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மாத்திரைகள் எல்லாம் பீரோவுக்குள் போய்ச் சாவி மாமியாரின் இடுப்புக்குப் போனது. நான் கொண்டுவந்து வைத்த பாலை ஓர்ப்படி வாங்கி ஓரமாக வைப்பாள், பிறகு தானே போய் வேறு ஆற்றிக் குடிப்பாள். கணவர் மட்டும் ஒரு தடவை கேட்டார். “ஒரே ரூம்ல இருக்கோம். எங்கிட்டக்கூடச் சொல்லத் தோணலியா?” என் அம்மா வீட்டில் ஏமாற்றிக் கட்டிக் கொடுத்தார்கள் என்று அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் வருத்தமாகத்தான் கேட்டார். கம்பெனியில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், லேபிள் கண்ணில் ஏறாது.

ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னார்கள். ஓர்ப்படி அழுதாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளி நின்று அழுதேன். பக்கத்தில் போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. வளைகாப்பு போட்டு அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். பஸ்ஸில் ஏறும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடமும் “வர்றேன்” என்றாள். கூட வரும் ‘அக்கா’ அன்று வரவில்லை.

இப்போது என் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். கணவரும் கூட வந்தார். நான் தெருமுனைக் கடையில்தான் வாங்குகிறேன், அட்டையோடு, எப்போதும் ஒரே கம்பெனியுடையதாக. ஒரு தடவை அது வரவில்லை என்றபோது மேடம் வேறு எதையும் தராமல், கிருஷ்ணகிரியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். வழக்கம்போலக் கேள்விகள் கேட்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். ஆனாலும் கடைக்குள் தெரிந்தவர்கள் யாராவது நின்றால், தைலம் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டுப் பிறகு வருவேன். அந்த அளவுக்குத்தான் திருந்தியிருக்கிறேன்.

ஆண் பிள்ளை. அம்மா வீட்டில் சில மாதம் வைத்திருந்துவிட்டு, ஓர்ப்படி ஓசூருக்குத் தூக்கி வந்தாள். ஆரத்தி எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்கள், கீழ் வீட்டுக்கார அம்மா என்று கூடம் நிறைந்துவிட்டது. பிள்ளை ஒவ்வொருவர் கையாகப் போய்க்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் டீ கலக்கிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்த பிறகும் இருக்கிற பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

“அக்கா, எங்க போயிட்டீங்க?” என்று ஓர்ப்படியின் குரல் கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என் எதிரே நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“கீழ உக்காருங்கக்கா. செவத்துல சாஞ்சு உக்காந்துக்கங்க, தர்றேன்.”

“ஏன், நின்னுக்கினு வாங்கினா என்னவாம்?” என்றார் வீட்டுக்கார அம்மா.

“அவங்களுக்கு வலிப்பு மாத்திர ஓடுதுல்ல, அதான்” என்றாள் ஓர்ப்படி. பாலுக்குச் சர்க்கரை போடவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். “காலையில வந்து எறங்குனதுமே மெடிக்கல் மேடத்துகிட்டப் போயிக் கேட்டேன், எங்க அக்கா பிள்ளையத் தூக்கலாமான்னு. தாராளமாத் தூக்கலாம், உக்காந்து தூக்கச் சொல்லுங்கன்னாங்க.”

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தைலம் வாங்க நின்ற அதே தலை அன்று போலவே என் பக்கம் திரும்பியிருந்தது. முகம் எரிந்தது. அடுப்படிக்கு ஓடிவிடலாம்போல இருந்தது. நான் கேட்க வெட்கப்பட்டதை அவள் கேட்டிருக்கிறாள், எனக்காகக் கேட்டிருக்கிறாள், என்னவெல்லாம் நடந்த பிறகும்.

அத்தனை பேர் நிற்க, நான் மட்டும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஓர்ப்படி குனிந்து பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.